ராஜபாளையம் பஸ்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஜன்னல் பக்கம் நீங்களே போங்க, காத்து வரும். நான் வெளிப்பக்கம் இருந்துக்கிடுதேன், எனக்குக் கால் நீட்டணும். எந்த ஊருக்கு? இருங்க, சொல்லாதிய, நானே சொல்லுதேன். மதுரை. மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும். முப்பது வருஷமா திருநெல்வேலி டவுன்ல பாத்திரக்கடை வச்சிருக்கேன்லா, எத்தனை மூஞ்சி பாத்திருக்கேன்! என்ன? ஏதோ சொல்ல வந்திய. சரி, அப்புறம் சொல்லுங்க.

நான் சாத்தூர் வரைக்கும். சாத்தூர்ல காலை வச்சுட்டா வாயைத் திறக்க முடியாது. அதனால அதுக்குள்ள பேச வேண்டியதைப் பேசிரணும். நீங்க கோவிச்சுக்கிடாதிய. இன்னைக்கு வியாழக்கிழமை, அதுலதான் கெடக்கு விஷயம். சொல்லுதேன்.

எங்கிட்ட ஒரு திறமை உண்டு தம்பி. யாரோட வேணும்னாலும் பேசிருவேன். கலெக்டர்னாலும் சரி, கருவாட்டுக்காரர்னாலும் சரி. கடைக்கு வந்து ஒருத்தர் குடம் எடுப்பாரு, பேரு வெட்டக் குடுப்பாரு. அந்த மெஷின் கர்ர்னு பேரு வெட்டி முடிக்கதுக்குள்ள அவரு குலம் கோத்திரம் பூராவும் எங்கிட்ட வந்திரும். எப்பிடிங்கிய? மொதல்ல ஊரைக் கேக்கணும். ஊரைக் கேட்டா கோவப்படுத மனுஷன் உண்டா? கேட்டுட்டு, அந்த ஊருல நமக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை எடுத்து விடணும். அதுக்கப்புறம் வண்டி தானா ஓடும். போலீஸ்காரர்னா டிரான்ஸ்பரைப் பத்தி, வாத்தியார்னா இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பத்தி. டாக்டர்னா அவரு உடம்புக்கு என்னன்னு நாம கேக்கணும். அவரை யாரு கேக்கா, சொல்லுங்க? பேசாத ஆளா வந்து மாட்டினா, ரெண்டு பேருக்கும் சேத்து நாமளே பேசிரணும். சும்மா மட்டும் இருந்திரக் கூடாது. ரெண்டு மனுஷங்க சும்மா உக்காந்திருந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆனா வீட்டுல பாருங்க, இந்தத் திறமைக்கு மரியாதை கெடையாது. எம் பொண்டாட்டி சொர்ணம் நல்லவதான். ஆனா பேச்சு வராது. முப்பது வருஷத்துல அவ எங்கிட்டப் பேசினதை ஒரு டம்ளர்ல அடைச்சிரலாம். சாயந்திரம் நான் கடையில இருந்து வந்தா, சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழ உக்காந்துக்கிட்டு, "மணி என்னாச்சு?"ன்னு கேப்பா. தலைக்கு மேல கடிகாரம்! கண்ணுல என்ன கோளாறோ தெரியல. நானும் கடையில நடந்த கதையை ஆரம்பிச்சிருவேன், மணி எங்க சொல்ல? மறுநாளும் அதே கேள்வி. டாக்டர்கிட்டக் காட்டணும்னு நெனைச்சுக்கிட்டே இருக்கேன்.

இந்த லெச்சணத்துல எங்களுக்கு ஒத்தைப் பிள்ளை, ரஞ்சனி. பேங்க் வேலை. மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சோம். மொத வரன் தென்காசிப் பக்கம். பையனோட அப்பா புதுசா வீடு வாங்கியிருக்கேன்னு பெருமையாச் சொன்னாரு. எந்த இடம்னு கேட்டேன். சொன்னாரு. எனக்கு அந்த இடம் தெரியும்லா? "அடடா, அங்கனயா வாங்கினிய? மழை பேஞ்சா முட்டளவு தண்ணி நிக்குமே! வித்தவன் உங்களை நல்லா ஏமாத்திட்டானே"ன்னு வருத்தப்பட்டேன். உள்ளபடியே வருத்தம்தான் தம்பி, நடிப்பு இல்ல. மூணு மழையில எங்கெங்க தண்ணி ஏறிச்சுன்னு விவரமாச் சொன்னேன். பலகாரம் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாக. நல்லது சொன்னா ஏத்துக்கிடாத ஆளுக.

ரெண்டாவது வரன், பையன் தங்கமான பையன். கொஞ்சம் முன் நெத்தி ஏறியிருந்துச்சு. கூச்சத்துல கையை வச்சு வச்சு மறைச்சான். பாவமா இருந்துச்சு எனக்கு. ஆறுதலாப் பேசுவோம்னு, எங்க பெரியப்பாவுக்கு இருபத்தெட்டு வயசுல முடி எப்பிடிக் கொட்டிச்சு, சின்ன வெங்காயம் தேச்சு எப்பிடி நின்னுச்சு, மறுபடி எப்பிடிக் கொட்டிச்சுன்னு எல்லாத்தையும் சொன்னேன். கிட்டப் போயி தலையைத் தொட்டுப் பாத்து, "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்"னு தைரியமும் சொன்னேன். அந்தச் சம்பந்தமும் போச்சு. ஜாதகம் சேரலைன்னு சொல்லியனுப்புனாக. ஜாதகம் மேல எனக்கு இருந்த நம்பிக்கையே போயிருச்சு தம்பி, ஏழு பொருத்தம் இருந்துச்சே!

பையை ஏன் எடுக்கிய? மேலயே இருக்கட்டும், விழாது. கங்கைகொண்டான்தான் தாண்டியிருக்கு.

மூணாவது வரன் சாத்தூர்ல இருந்து வந்துச்சு. நவநீதன்னு பேரு, ரஞ்சனி பேங்க்லயே வேற கிளையில வேலை. ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே பிடிச்சிருக்குன்னு எனக்குப் பொறவுதான் தெரியும். அன்னைக்கு எம் பொண்ணு எம் முன்னாடி வந்து நின்னா. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. "எப்பா, இந்த ஒரு தடவை நீங்க பேசாம இருக்கணும். இது போச்சுன்னா எனக்கு வேற கல்யாணமே வேண்டாம்"னு சொல்லிட்டா. நான் பெத்த பிள்ளை சொல்லுது! சரி, வீட்டுல இல்லாம எங்கயாச்சும் போயிருதேன்னேன். தகப்பன் இல்லாம எப்பிடிப் பொண்ணு பாக்க வருவாக? அப்ப சொர்ணம், அவரைக்காயைக் கிள்ளிக்கிட்டே, தலையைக் கூட நிமித்தாம, "அப்பாவுக்கு வியாழக்கிழமை மௌன விரதம்னு சொல்லிருவோம். அவுகளை வியாழக்கிழமை வரச் சொல்லுங்க"ங்கா. முப்பது வருஷத்துல அவ சொன்ன மொத யோசனை. ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்த மாதிரி அவ்வளவு சுருக்கா வந்துச்சு.

வந்தாக. பையன், அவன் சித்தி சித்தப்பா, அவங்க அப்பா ஆதிமூலம். இந்த ஆதிமூலத்தைப் பத்திச் சொல்லணும். பஞ்சாலையில வேலை பாத்து ஓய்வானவரு. அந்த மெஷின் சத்தத்துல யாரு பேசினாலும் கேக்காது, அப்பிடியே பேசாமப் பழகிட்டாரு. பொண்டாட்டி செத்து மூணு வருஷம் ஆகுது. வீட்டுல அப்பாவும் மகனும்தான், ரெண்டு பேருக்கும் நடுவுல டிவிதான் பேசும்னு சித்திக்காரி சொர்ணத்துகிட்டச் சொல்லுதா. வந்து உக்காந்தாரு. என்னைப் பாத்துக் கும்பிட்டாரு. நானும் கும்பிட்டேன். "வெயில் ஜாஸ்தி"ன்னாரு.

தம்பி, வெயிலைப் பத்தி எங்கிட்ட எவ்வளவு இருக்கு தெரியுமா! தொண்டை வரைக்கும் வந்திருச்சு. நாற்காலிக் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். ரஞ்சனி கதவுக்குப் பின்னால நின்னு என்னையே பாக்கா. நான் பேசல. அவரு துண்டால மூஞ்சியைத் துடைச்சாரு. பொறவு, "சாத்தூர்ல இதை விட"ன்னாரு. நான் தலையை ஆட்டினேன். "அவ இருக்கையில வாசல்ல தண்ணி தெளிச்சு வப்பா"ன்னாரு. நான் புருவத்தைத் தூக்கினேன். அவ்வளவுதான். மனுஷன் பேச ஆரம்பிச்சாரு பாருங்க! பொண்டாட்டி தெளிச்ச தண்ணி, அவ வளத்த முருங்கை, மில்லுல பஞ்சு பறந்து மூக்கை அடைச்சது, மகன் சைக்கிள் பழகினது. கேசரியை வாய்க்குக் கொண்டு போன நவநீதன் கை அப்பிடியே அந்தரத்துல நிக்கு. அப்பாவுக்கு இவ்வளவு பேச வரும்னு அவனுக்கே தெரியாதாம். போகும்போது ஆதிமூலம் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "உங்ககூடப் பேசிட்டிருந்ததுல நேரம் போனதே தெரியலைங்க. பேசுனா உங்கள மாதிரி ஆளுகிட்டப் பேசணும்"ன்னாரு. அங்கனயே பூ வச்சு உறுதி பண்ணிட்டாக.

பாத்தியளா, திறமை எங்க இருந்தாலும் வெளிய வந்திரும். வாயைக் கட்டிப் போட்டா புருவத்துல வந்திருது.

ஆனா வினையும் அங்கதான் பிடிச்சுச்சு. அடுத்த வாரம் போன் வருது. "வியாழக்கிழமை சம்பந்தி சாத்தூர் பக்கம் வர முடியுமா, பேசிட்டிருக்கலாம்." ரஞ்சனி, "போயிட்டு வாங்கப்பா, ஆனா தாலி கட்டுத வரைக்கும் விரதம் விரதம்தான்"னுட்டா. போனேன். அதுக்கடுத்த வியாழனும் போனேன். காபி, காராச்சேவு, அவரு பேச்சு. நாலாவது தடவை போனா பக்கத்து வீட்டுக்காரரும் உக்காந்திருக்காரு. விரதம் இருக்கிற பெரியவர்கிட்ட மனக்குறையைச் சொன்னா லேசாயிருதாம்! அவருக்கும் அண்ணனுக்கும் கிணத்துத் தகராறு. அவரு சொல்லிக்கிட்டு இருக்கையில என் காதுல எறும்பு பூந்திருச்சு, சுண்டுவிரலை விட்டு ஆட்டினேன். "ஐயா காதைக் காட்டுதாங்க, அண்ணன் சொல்லுததையும் கேக்கச் சொல்லுதாங்க"ன்னு அழுதுக்கிட்டே எந்திரிச்சுப் போனவரு, அன்னைக்கே சமாதானம் ஆயிட்டாரு. பொறவென்ன, வாரா வாரம் வாசல்ல செருப்புக் கெடக்கு. விருதுநகர்ல இருந்தெல்லாம் எங்கிட்டப் பேச வாராக. ஊரைக் கூட நான் கேக்க முடியல தம்பி, அதான் கொடுமை.

என்ன தம்பி, எந்திரிக்கிய? முன் சீட்டுல இடம் இருக்குன்னா? வேண்டாம், அங்க வெயில். இருங்க, முக்கியமான கட்டம் இதுக்கப்புறம்தான்.

ஒரு நாள் கூட்டம் போன பிறகு ஆதிமூலம் நாற்காலியை எங்கிட்ட இழுத்துப் போட்டாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு. "அவ போன பிறகு எனக்குப் பேச ஆளு இல்லைங்க. பால்காரர்கிட்டப் பேசினது, கடைக்காரர்கிட்டப் பேசினது எல்லாம் அவதான். எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னே எனக்குத் தெரியல. தெனமும் சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். அங்க டைம் ஆபீஸ்ல, ராஜபாளையம் பஸ் எப்பன்னு கேப்பேன். ராஜபாளையத்துல எனக்கு யாரும் இல்லை. ஒரு மனுஷன் எம் மூஞ்சியைப் பாத்துப் பதில் சொல்லுவான்ல, அதுக்குத்தான். ஒரு நாள் அவன், 'அஞ்சே முக்காலுக்கு இருக்கு, சாப்பிட்டியளா அண்ணாச்சி'ன்னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்." சொல்லிட்டு, "இதை உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க"ன்னாரு.

நான் வாக்குக் குடுக்கல தம்பி. எப்பிடிக் குடுக்க? அன்னைக்கு விரதம்லா?

அப்பிடியும் நான் யார்கிட்டயும் சொல்லல. சொர்ணத்துகிட்டச் சொன்னேன், பொண்டாட்டி வெளியாளா? கேட்டுட்டு அடுப்பாங்கரைக்குப் போயிட்டா. கடைப் பையன்கள்ட்டச் சொன்னேன், அதுக ஒரு எடத்துக்கும் போகாது. உங்ககிட்டச் சொல்லுதேன், நீங்க யாரோ எவரோ. இதெல்லாம் ஒரு கணக்கா?

போன திங்கக்கிழமை ஒரு அம்மா இட்லிக்கொப்பரை வாங்கிட்டு, பேரு வெட்ட நின்னுக்கிட்டு இருந்தாக. புருஷன் வெளிநாட்டுல, வீட்டுல பேச ஆளில்லைன்னு அந்த அம்மா பொலம்பிச்சு. ஆறுதல் சொல்லணும்லா? "உங்களுக்காச்சும் போன் இருக்கு. எங்க சம்பந்தி ஒருத்தர் இருக்காரு, பேச ஆளில்லாம தெனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி..."ன்னு ஆரம்பிச்சேன். கொஞ்சம் குரலை மாத்தி, டைம் ஆபீஸ் ஜன்னல்ல தலையை விடுத மாதிரி, "ராஜபாளையம் பஸ் எப்போங்க?"ன்னு நடிச்சுக் காட்டினேன். அந்த அம்மா சிரிச்சுச்சு. பையன்களும் சிரிச்சாங்க. எனக்கு உற்சாகம் தாங்கல, இன்னொரு தடவை செஞ்சேன். ஆனா இந்தத் தடவை யாரும் சிரிக்கல. திரும்பிப் பாத்தா, எனக்குப் பின்னால ஆதிமூலம் நிக்காரு. கையில ஒரு வெள்ளிச் சொம்பு. மருமகளுக்குக் குடுக்கதுக்கு, ரஞ்சனி பேரு வெட்ட எங்கிட்டயே கொண்டு வந்திருக்காரு.

என்ன செய்யன்னு தெரியல. சட்டுனு வாயைப் பொத்திக்கிட்டேன். ஆனா அன்னைக்குத் திங்கக்கிழமை!

மனுஷன் கத்தியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவரு பாட்டுக்குச் சொம்பைத் துண்டுல திருப்பிச் சுத்தினாரு. "வியாழக்கிழமை பேசிக்கலாம்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னையில இருந்து ரஞ்சனி எங்கூட முகம் குடுத்துப் பேசல. பேங்க்ல இருந்து வந்தா கதவைச் சாத்திக்கிடுதா. உள்ள அழுத சத்தம் கேக்கு. எனக்குச் சோறு இறங்கல தம்பி. நான் என்ன பொய்யா சொன்னேன்? நடந்ததைத்தானே சொன்னேன்? ஆனாலும் பிள்ளை அழுதா தாங்க முடியல. அதான் இப்பப் போறேன். போயிப் பேசி மன்னிப்புக் கேக்கவா, இல்ல விரதத்துல பேசாம உக்காரவா? பேசினா விரதம் பொய்யின்னு ஆயிரும். பேசாட்டா மன்னிப்புக் கேக்காத மாதிரி ஆயிரும். நீங்க என்ன சொல்லுதிய? வேண்டாம், நீங்க சின்னப் பிள்ளை, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

இருங்க, போன் அடிக்கு. சொர்ணம்தான். ஹலோ! ஏளா, நான் பஸ்ஸுல இருக்கேன், பக்கத்துல ஒரு மதுரைத் தம்பி, நல்ல பேச்சுத் துணை... என்ன? யாரு? நம்ம வீட்டுலயா? எப்ப வந்தாரு? ம். ம். எல்லாத்தையும் சொல்லிட்டியா? விரதத்தையுமா? அவரு என்ன சொன்னாரு? சிரிச்சாரா? ம். அப்பிடியா. ம். சரி. சரிளா. திரும்பி வாரேன்.

தம்பி, கதையே மாறிப் போச்சு. நான் இந்தப் பக்கம் பஸ் ஏறியிருக்கேன், ஆதிமூலம் அந்தப் பக்கம் விடியக்காலை பஸ்ஸப் பிடிச்சு எங்க வீட்டுல வந்து உக்காந்திருக்காரு. சம்பந்தம் வேண்டாம்னு நேர்ல சொல்லிட்டுப் போகணும்னு வந்தவரு. அவருகிட்ட இவ பேசியிருக்கா. சொர்ணம்! ஒரு மணி நேரம்! "விரதம் பொய்யி, அது என் யோசனைதான், அவுகளைத் திட்டாதிய, என்னைத் திட்டுங்க"ன்னு சொல்லியிருக்கா. ஏன் தங்கச்சி அப்பிடிச் செஞ்சியன்னு அவரு கேட்டிருக்காரு. அதுக்கு இவ, "எனக்கும் முப்பது வருஷமா ராஜபாளையம் பஸ்தான் அண்ணாச்சி"ன்னாளாம். ஆதிமூலம் கையில எடுத்த இட்லியைத் தட்டுலயே வச்சாராம். பொறவு சிரிச்சாராம், கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சாராம். இன்னும் ரெண்டு இட்லி வைங்க தங்கச்சின்னாராம்.

இதுல சிரிக்க என்ன இருக்கு? ராஜபாளையத்துல இவளுக்கு யாரு இருக்கா? இவ ஒரு தடவை கூட அங்க போனதில்லையே! உங்களுக்கு ஏதாச்சும் புரியுதா? ஏன் என்னை அப்பிடிப் பாக்கிய?

சரி, சவத்தை விடுங்க. கல்யாணம் நிக்கல, அது போதும். தை மாசம் முகூர்த்தம். ரஞ்சனி அழுகையும் சிரிப்புமா நிக்காளாம், பின்னால சத்தம் கேட்டுச்சு. ஆனா சம்பந்தி ஒரு நிபந்தனை போட்டிருக்காரு. வியாழக்கிழமை நான் சாத்தூருக்கு வர வேண்டாமாம். வீட்டுலயே விரதம் இருக்கணுமாம், நெசமாவே. சொர்ணம் பேசணுமாம், நான் எதுத்தாப்புல உக்காந்து கேக்கணுமாம். இன்னைக்கே ஆரம்பமாம். அவரும் கூட இருந்து பாத்துட்டுத்தான் போவாராம். நான் இறங்கித் திரும்பணும். இது என்ன, கோவில்பட்டியா? நல்லதாப் போச்சு.

நீங்களும் இறங்குதியளா? மதுரை இன்னும் வரலையே! என்னது, கயத்தாறா? அது போயி எவ்வளவு நேரமாச்சு! ஏன் தம்பி, அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லா? மூணு தடவை சொன்னியளா? எங்கிட்டயா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேசவே தெரியல. நாலு பேருகிட்டப் பழகணும் தம்பி, அப்பதான் வரும்.

வாங்க, வாங்க, பையப் பைய இறங்குங்க. எதிர்ப்பக்கம் நின்னா திருநெல்வேலி பஸ் வரும், சேந்தே போவோம். விரதம் வீட்டு வாசப்படியிலதான் ஆரம்பம், அதுவரைக்கும் ஒண்ணும் இல்ல.

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொன்னா வெளிய சொல்ல மாட்டியள்லா? எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. சம்பந்தியைப் பத்தி இல்ல. முப்பது வருஷம் வாயைத் திறக்காதவ இன்னைக்கு எம் முன்னாடி உக்காந்து திறக்கப் போறா. என்ன சொல்லுவா? எவ்வளவு நேரம் சொல்லுவா? நான் பாட்டுக்குக் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அது அவ தலைக்கு நேர் மேலதான் இருக்கு.

இந்தா பஸ் வந்துட்டு. ஏறுங்க. நீங்க ஜன்னல் பக்கம் போங்க, நான் வெளிப்பக்கம் இருந்துக்கிடுதேன். கயத்தாறு வந்ததும் நானே சொல்லுதேன், நீங்க கவலைப்படாம உக்காருங்க. கயத்தாறுல எனக்கு ஒரு ஆளு தெரியும், கேட்டியளா, அவரு கதையைச் சொன்னா...